மினுங்கிய டேங்க்... மூச்சடங்கிய ஹமூத்!

டிரிங்... டிரிங்...!

அரபுக் கடற்கரை ஊரான ஸூர் நகர போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது. கேப்டன் முஹன்னா வாயிலிருந்த பேரீச்சங்கொட்டையைத் துப்பிவிட்டு எடுத்தார்.

"அண்ணே! ஓடி வாண்ணே! அவரு கராஜ்ல செத்துக் கிடக்காருண்ணே!"

தங்கை ஸுவைனா!

ஜீப் பறந்தது. வழியில் ஒரு ஆடும் ஒரு மீன்காரரும் மயிரிழையில் தப்பித்தார்கள்.

ஸுவைனா திறந்துவிட்டிருந்த, கராஜின் முற்றத்துக் கதவு வழியாகக் குப்பென்று ஒரு நெடி முகத்தில் அறைந்தது.

உள்ளே...

அவள் கணவன் ஹமூத் குப்புறக் கிடந்தான்! கையில் ஸ்பிரே கன். முகத்தில் மாஸ்க். மாஸ்க்கின் நாலு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, ஸூர் முழுக்கப் பேர் பெற்ற அவனுடைய தாடி! பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பா, கவிழ்ந்து கொட்டிய தின்னர் டப்பா. அவனுடைய பழைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் மட்டும் ஸ்டாண்டில் புது மாப்பிள்ளை போல மினுங்கியது.

முஹன்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனை முற்றத்துக்கு இழுத்துப் போட்டார்.

நாடி... இருந்தது!

ஆம்புலன்ஸ் வந்தது. "ஆஸ்பத்திரியிலதான் எதையும் சொல்ல முடியும்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு ஹமூத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. விஷயம் கேட்டு ஓடி வந்திருந்த ஹமூத்தின் தம்பி கூடவே ஏறிக்கொண்டான்.

"நானும் போறேண்ணே!"

"நீ இரு! விசாரணை முடியாம யாரும் நகரக் கூடாது. இது கொலை முயற்சி!"

பாவம், அவர் சர்வீஸில் ஆட்டுத் திருட்டைத் தாண்டி எதையும் கண்டதில்லை. கிடைத்ததை விடுவாரா?

"இந்தப் பெயிண்ட் டப்பாவை யாரு குடுத்தது?"

"பக்கத்து வீட்டு கல்ஃபான்."

கல்ஃபான்! ஹமூத்தின் மோட்டார் சைக்கிளை விலைக்குக் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டவன்! சத்தம் கேட்டு அவனே பதறிக்கொண்டு வந்து நின்றான்.

"ஹமூத்துக்கு என்னாச்சு கேப்டன்?"

"நடிக்காதே! டப்பாவுல என்ன விஷத்தைக் கலந்தே?"

"நான் எதுக்குக் கலக்கணும்? அதுல இருக்கறதே விஷம்தான். டப்பா மேலயே எழுதியிருக்கான். எவன் படிக்கிறான்?"

"தெரிஞ்சே ஏன் குடுத்தே?"

"போன தடவை மலிவு ஸ்பிரே ஒண்ணை வாங்கி அடிச்சான். ஒரு சொட்டு பெட்ரோல்தான் சிந்துச்சு... டேங்க் மூஞ்சியே சுருங்கிப் போச்சு! பெட்ரோலுக்கு அசையாத கிளியர் கோட், அதான் பளபள மேல்பூச்சு, வேணும்னா அதை இறுக வைக்கிற ஹார்டனர் கலக்குற ரகம்தான் சரிப்படும். அடிச்ச பிறகும் நல்லா இறுகற வரைக்கும் பெட்ரோல் ஊத்தக் கூடாது. ஆனா, அடிக்கும்போது மூச்சுல போனா ஆளைச் சாய்ச்சுடும். ஒர்க்ஷாப்ல குடுத்துடுன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேன்."

"அவன் கேக்கலையாக்கும்?"

"கேட்டாத்தானே! வெளியிலேருந்து குழாய்ல காத்து வர்ற மாஸ்க்கைப் போடு, கையுறை மாட்டு, கதவைத் திறந்து வை, தாடியை எடுன்னேன்."

"தாடியையா!"

முஹன்னாவின் கை தன்னையறியாமல் தன் தாடிக்குப் போனது.

"தாடி இருந்தா எந்த மாஸ்க்கும் முகத்துல ஒட்டாது கேப்டன். நெடி இடுக்கு வழியா உள்ளே போயிடும். அதுக்கு, 'வண்டியை வேணா வித்துடுறேன், தாடியைத் தொடாதே'ன்னான். அப்பவே வண்டியை வாங்கியிருக்கணும்!"

பேசிக்கொண்டே திரும்பியவன்...

"ஐயோ!"

அலறினான். ஹமூத்தை நலம் விசாரிக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்களே, வீடு இப்படி நாறினால் மானம் என்னாவது என்பது ஸுவைனாவின் கவலை. அவள் தூபக்காலில் சாம்பிராணி போட்டுக்கொண்டு, தகதகக்கும் கங்குகளோடு கராஜுக்குள் நுழையப் போய்க்கொண்டிருந்தாள்!

விசாரணை நடுவிலும் கேப்டனுக்குக் கூஜாவிலிருந்து காவா காபி மட்டும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கல்ஃபான் அந்தக் கூஜாவைப் பிடுங்கினான். பாய்ந்தான். கங்கில் கவிழ்த்தான்.

புஸ்ஸ்ஸ்...!

"என் கண்ணு முன்னாடியே என் தங்கச்சி மேல பாயறியா?"

க்ளிக்! கல்ஃபானின் கையில் விலங்கு.

"நல்லா பூட்டுங்க! உள்ளே தின்னர் ஆவி அப்படியே நிக்குது. அந்த நெருப்பு வாசலைத் தாண்டியிருந்தா நீங்க, நான், உங்க ஜீப்பு எல்லாம் கடல்ல மிதந்திருப்போம்!"

ஸுவைனா தூபக்காலைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். முஹன்னாவும் இரண்டு எட்டு பின்வாங்கினார். ஆனால் கேப்டன் அல்லவா... சமாளித்துக்கொண்டார்.

"கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன்னியே... அப்புறம் நெடி எப்படி அடைஞ்சுது?"

"தெருப் பக்கத்து ஷட்டரை அவனே இறக்கிட்டான். மணல் பறந்து வந்து ஈரப் பூச்சுல ஒட்டிக்குமாம்! அதனாலதான் இந்த முற்றத்துக் கதவை நானே திறந்து செங்கல்லை முட்டுக் குடுத்துட்டுப் போனேன்."

"நீ பார்க்கும்போது திறந்திருந்துச்சா ஸுவைனா?"

"இல்லண்ணே... மூடித்தான் கிடந்துச்சு."

முஹன்னாவின் கண்கள் ஜொலித்தன.

"அப்ப அதை மூடினவன்தான் குற்றவாளி! அவன் எங்க அப்பனா இருந்தாலும் ஜெயில்ல தள்ளாம விட மாட்டேன்! யாரு மூடினது?"

ஸுவைனா தரையைப் பார்த்தாள்.

"வேண்டாம்ணே."

"பயப்படாம சொல்லு! அண்ணன் இருக்கேன்ல!"

"நீதாண்ணே."

"நானா?"

"மதியம் காவா குடிக்க வந்தியே... 'என்ன கருமம்டா இது, அல்வாவுலகூட பெயிண்ட் வாடை'ன்னு செங்கல்லை எட்டி உதைச்சு நீதானே சாத்தினே..."

முஹன்னா அந்தச் செங்கல்லைக் காலால் மெல்ல ஓரமாகத் தள்ளினார்.

போன் அடித்தது. ஹமூத்தின் தம்பி! கேட்டுக்கொண்டே ஸுவைனா ஓவென்று அழுதாள். பிறகு அழுகையோடு சிரித்தாள்.

"கண்ணைத் திறந்துட்டாராம்! ஆக்ஸிஜன் மாஸ்க் பொருந்தலைன்னு தாடியை மொழுக்குன்னு வழிச்சுட்டாங்களாம்... அதுக்குத்தான் தேம்பித் தேம்பி அழறாராம்! அண்ணே... கதவை மூடினவனைப் பிடிச்சாச்சான்னு கேக்கறாரு. என்ன சொல்ல?"

முஹன்னா யார் முகத்தையும் பார்க்காமல் விலங்கைக் கழற்றினார்.

கல்ஃபான் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான்.

"நிம்மதியா தூங்கச் சொல்லு தங்கச்சி. குற்றவாளி எங்கேயும் தப்பிச்சு ஓட முடியாது... போலீஸ் உடுப்புக்குள்ளேயே போட்டு அடைச்சிருக்கு!"