ஜூன் ஒன்று, வேறு முதலாளி

சாணிக்குட்டையில் ஒரு கை மிதந்தது.

கையோடு சேர்ந்து ஓவன் டல்லக்கும் மிதந்தார். பண்ணை முதலாளி. பின்மண்டை பிளந்திருந்தது.

முதலில் பார்த்தவன் ஆர்னெல். பிலிப்பைன்ஸ்காரன். வேலை விசாவில் வந்து, உலகின் தென்கோடியில் சவுத்லேண்டின் குளிரில் ஓவனுக்குப் பால் கறந்தவன்.

கறவைக்காரர்கள் பண்ணை மாறும் நாள் ஜூன் ஒன்று.

நாளைக்கு ஒன்று!

பக்கத்துப் பண்ணை லாக்லன் பெயர்டிடம் அவனுக்கு வேலை தயார். அந்த வேலையில் இருந்தால் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கலாம். மனைவி, மகளை அழைத்துக்கொள்ளலாம். விசாவில் முதலாளி பெயர்கூட மாறிவிட்டது.

போனால் உன்னைத் திருடன் என்று குடியேற்ற அலுவலகத்தில் சொல்வேன் என்று ஓவன் கத்தியதை ஊரே கேட்டிருந்தது.

டிடெக்டிவ் மொய்ராவும் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். பண்ணை அலுவலகத்தில் அவனை உட்காரவைத்து, நேற்று இருட்டுகிற நேரத்தில் எங்கே இருந்தாய் என்று கேட்டாள்.

அவன் வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது.

லாக்லன்!

"அவன விடுங்க மொய்ரா. நேத்து சாயங்காலம் பூரா என் வீட்லதான் இருந்தான். ஆட்டுக்கறி தின்னுட்டு ரக்பி பாத்தோம். இல்லியா தம்பி?"

ஆர்னெல் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

ஆமா பாஸ்... விசாவில் வந்தவன் நாக்கில் முதலில் படிகிற பேச்சு. லீவு கிடையாது என்றால், ஆமா பாஸ். கொட்டுகிற மழையில் கன்று இழுக்கச் சொன்னால், ஆமா பாஸ்.

இப்போதும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

சொன்னால் மகள் வருவாள். சொல்லாவிட்டால்..?

"இல்ல மேடம். நான் என் வீட்ல சாமான் கட்டிக்கிட்டிருந்தேன்."

லாக்லன் சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

"யோசிச்சுப் பேசு தம்பி. நாளைக்கு எங்க படுப்ப?"

மொய்ரா லாக்லனைக் கையமர்த்திவிட்டு, சாட்சி யார் என்று ஆர்னெலிடம் கேட்டாள்.

"என் பொண்டாட்டி. மாமியாரும்."

"அவங்க பிலிப்பைன்ஸ்ல இல்ல இருக்காங்க?"

"வீடியோ போன் மேடம். நாங்க பேசறதுக்கு மட்டும் போடறதில்ல. போட்டு அலமாரியில சாத்தி வெச்சிருவோம். அவங்க அங்க சோறாக்குவாங்க, நான் இங்க வேலை பாப்பேன். ஒரே வீட்ல இருக்கற மாதிரி..."

ஆர்னெல் கையால் முதுகுப் பக்கம் காட்டினான்.

"எனக்குப் பின்னால ஜன்னல். குட்டைப் பக்கம் ஒரு வெள்ளை வண்டி போகுதேன்னு அவதான் சொன்னா. திரும்பிப் பாத்தேன். லாக்லன் பாஸ் வண்டி. ஓவன் அவரு பக்கத்துல உக்காந்திருந்தாரு."

லாக்லன் கதவை நோக்கி நகர்ந்தான். வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றார்.

லாக்லன் வண்டியில் ரத்தம் படிந்த, வேலி ஊன்றும் இரும்புக் கம்பி கிடைத்தது. நோய் மாடுகளை மறைத்து ஓவனிடம் விற்றவன் லாக்லன். ஓவன் புகார் செய்யக் கிளம்பியிருந்தார். ஆர்னெலைக் காப்பாற்றுகிற சாக்கில் தனக்கே சாட்சி தேடியிருக்கிறான்!

விலங்கு பூட்டிக் கொண்டுபோனார்கள்.

நீ போகலாம் என்றாள் மொய்ரா.

ஆர்னெல் எழுந்திருக்கவில்லை. விசாவில் இருந்த பெயர் போலீஸ் வண்டியில் ஏறுவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க மேடம் போறது? சட்டப்படி நாளையிலேர்ந்து நான் அவருகிட்டதான் வேலை செய்யணும்."

"அதுக்கு?"

"ஜெயில்ல மாடு இருக்கா?"