முதுகுப் பள்ளம்

அந்த உடுப்புக்குள் ஹிதாயா கையை விட்டபோது உள்ளே சூடாக இருந்தது.

வாங்கி வந்த நாளில் இருந்து, உலரட்டும் என்று, கருவாட்டுக் கடையின் பின்னறையில் வெயில் எட்டாத மூலையில் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த, கடலடிக்குப் போகிறவர்கள் போடுகிற உடுப்பு அது. வெளியே தடித்த, குளிர்ந்த கறுப்பு இறப்பர். உள்ளே, இப்போதுதான் யாரோ எழுந்துபோன கதிரையின் சூடு. தகரக் கூரைதான், என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கற்பிட்டியில் லுஹர் தொழுகை நேரத்து உச்சி வெயிலில் தகரத்துக்குக் கீழே சூடேறாத பொருள் ஏது, சாமான் பிடித்துப்போனதை மறைக்கிற வியாபாரியின் முகத்தைத் தவிர?

சண்டை முடிந்து, கடல் திறந்து, வெள்ளைக்காரர் டொல்பின் பார்க்க வரத் தொடங்கிய பிறகு, அவர்களைக் கடலடிக்குக் கூட்டிப்போகிற வேலை ஆண்களிடமே இருந்தது. ஹிதாயா பிடிவாதமாகச் சுழியோடப் பழகினாள். ஆனால் ஆழத்தில் குளிர் பிடித்து உதடு நீலமாகிவிடும். "தடிச்ச உடுப்பு இல்லாம இனி வள்ளத்துல ஏறாத தங்கச்சி," என்று சொல்லிவிட்டார் பழக்கிய யாகப்பு. அவளுடைய அண்ணன், அஸ்ஹான் நானா, அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். உடுப்பு அளவாக இருந்தால் நாளைக்குப் போகலாம். இல்லாவிட்டால் கடல் கதையை விட்டுவிட்டுக் கடையில் உட்கார வேண்டும்.

விற்றவன் சிலாபத்துக்காரன். உடுப்பைக் கையால் தொடாமல் தடி நுனியில் தூக்கிக் காட்டினான். அவள் வாய் திறக்குமுன் விலையைத் தானே குறைத்தான். ஏன் விற்கிறீர்கள், யாருடையது என்று அவள் கேட்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஆசை தெரியும். ஆசை தெரிந்தால் விலை ஏறும்.

பின்னறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கதவுக்கு அப்பால் நானாவின் மனைவி சுல்பா கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுதா புள்ள? உரிச்ச ஆட்டத் திரும்பத் தோலுக்குள்ள போடுற மாதிரித்தானே இரிக்கும்!"

"உங்களுக்கெண்டா ஊதிப்போன பேத்தை மீன்ட தோல்தான் தேடணும், மதினி."

அந்தப் பக்கம் சிரிப்பு.

இவ்வளவு தடித்த இறப்பர் இலேசில் ஏறாது. பாதத்தில் சொப்பிங் பையை மாட்டிக்கொண்டு, முக்கி முனகி, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். பையை எடுத்து வைத்திருந்தாள். தேவைப்படவில்லை. கால் வழுக்கிக்கொண்டு போனது, உள்ளேயிருந்து யாரோ பெருவிரலைப் பிடித்து இழுத்ததுபோல. கைகளும் அப்படியே. முதுகு ஸிப்பை இழுக்கக் கையைப் பின்னால் கொண்டுபோனாள். அது ஏற்கெனவே கழுத்துவரை ஏறியிருந்தது.

தானே இழுத்திருப்பாள். இழுத்திருப்பாள்தான்.

யாகப்பு சொல்லிக்கொடுத்தபடி பார்த்தாள். கையைத் தூக்கினாள், கக்கத்தில் காற்றுப் பை இல்லை. குந்தி எழுந்தாள், தொடையிடுக்கில் தொய்வு இல்லை. கடைசியாக முதுகுப் பள்ளம். இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்குகிற இடம். எவ்வளவு நல்ல உடுப்பும் அங்கேதான் விலகி நிற்கும், குளிர்ந்த தண்ணீர் அங்கேதான் தேங்கும் என்பார் அவர். கையைப் பின்னால் வைத்தாள்.

பள்ளம் இல்லை.

நிரம்பியிருந்தது. அழுத்தினாள். இறப்பருக்குக் கீழே ஏதோ மெத்தென்று அமுங்கியது. பிறகு மெதுவாக நிமிர்ந்தது.

கருவாட்டு வாசனைக்குள் இன்னொரு வாசனை எழுந்தது. பச்சைக் கடல். நெடுநாள் மூடிக்கிடந்த வாய். அவள் மூச்சை அடக்கினாள். அடக்கிக்கொண்டே நின்றாள்.

முதுகில் மூச்சு ஏறியது.

இறங்கியது.

"என்ன புள்ள, சத்தத்தக் காணோம்?" சுல்பாவின் குரல். "சரிவராட்டி சொல்லு. நாளைக்கே உனக்கு இங்க ஒரு கதிரை போட்டுத் தாறேன்."

கத்தினால் கதவை உடைத்துக்கொண்டு வருவார்கள். கத்தினால் கடல் இல்லை. ஹிதாயா பல்லைக் கடித்தாள். இரண்டு கைகளையும் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய் ஸிப்பின் வாரைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அது வரவில்லை. கணுக்கால் ஓரமாகத் தண்ணீர் கசிந்து சிமெந்துத் தரையில் பரவியது. உலர்ந்த உடுப்பிலிருந்து.

விற்ற சாமானைத் திருப்பிக் கேட்டு வருகிறவனிடம் பேசுகிற குரலில், தாழ்வாகச் சொன்னாள்.

"இந்தா பாரு. பேசி முடிஞ்ச சாமான் இது. எறங்கு."

பிடரியில் ஈரமான மூச்சு.

"எறங்கமாட்டியா? சரி. நாளைக்கு நான் போகத்தான் போறேன். வாறண்டா வா. ஆனா முன்னுக்கு நான்."

மூச்சு நின்றது. கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

"மதினி!" குரல் நடுங்கவில்லை. நடுங்க அவள் விடவில்லை. "நானாட்ட சொல்லுங்க. அளவாத்தான் இரிக்கி!"

சொல்லிவிட்டு எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் இன்னும் பிடரிக்குப் பின்னால்தான் இருந்தன. வயிற்றில், கறுப்பு இறப்பருக்குக் கீழே, இரு பக்கமும் விரல்கள் புடைத்தன. முன்னே ஊர்ந்து வந்தன. நடுவில் சந்தித்தன.

ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன.

இறுகின.