தண்ணீர் வரும் விதம்

நகராட்சி வாங்கிய புரிபொறி என்ற இயந்திரத்துக்குச் சூத்திரமும் வேண்டாம், நிரலும் வேண்டாம். வேலை தெரிந்தவன் வாயால் சொன்னால் போதும். கேட்டுப் புரிந்துகொண்டு, அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டு மறுநாளே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும். சமையல்காரர்களும் கண்டக்டர்களும் விலாவாரியாக விளக்கி, தங்கள் பிழைப்பில் தாங்களே மண்ணைப் போட்டுக்கொண்டார்கள். நகராட்சியில் மிச்சமிருந்தவர் குடிநீர் வால்வு திறக்கும் வடமலை ஒருவர்தான்.

"எதையும் மறைக்காம சொல்லுங்க. மறைச்சா பென்ஷன் கிடையாது," என்றார் பொறியாளர் சுபத்ரா.

வடமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறைக்காமலே சொன்னார்.

"எவன் கத்துறானோ அவன் தெருவுக்குத் தண்ணி வரும். போன்ல கத்தினா வால்வை நாலு சுத்து. நேர்ல வந்து கத்தினா எட்டு. இந்த மேடம் கத்தினா முழுசாத் திறந்துடணும். எங்க காலனியில யாரும் கத்த மாட்டாங்க. அங்க ஒரு சுத்துதான்."

"கத்தாதவர்களுக்குத் தாகம் இல்லையா?" என்றது பொறி.

"அதை மேடத்தைக் கேளு."

மேடம் கைப்பேசியில் மும்முரமாக இருந்தார். ஒரு வார்த்தையும் கேட்காமல், பயிற்சி முடிந்ததென்று கையெழுத்துப் போட்டார். இனி பொறியே திறந்து மூடும் என்று, வால்வுகளின் கைச்சாவிகளைப் பழைய இரும்புக்கு அனுப்பினார்கள். வடமலை வணக்கம்கூடச் சொல்லாமல் போனார்.

மே மாதம் ஏரி வற்றியது. தொட்டியில் இருந்தது ஊருக்கே கடைசி நான்கு நாள் தண்ணீர். கவுன்சிலர் போனில் கத்தினார், அவர் தெருவுக்கு நாலு சுற்றுத் திறந்தது. அடுத்த தெருக்காரர்களுக்குப் பொறுக்குமா? நேரில் வந்து கத்தி எட்டுச் சுற்று வாங்கிக்கொண்டார்கள். சுபத்ரா ஓடி வந்தார்.

"வால்வையெல்லாம் மூடு."

பொறி அசையவில்லை.

"மூடித் தொலைன்னு சொல்றேன்ல!"

சுபத்ராவின் தெரு வால்வு முழுவதும் திறந்துகொண்டது.

"ஐயோ, அந்த ஆள் சொன்னது தப்பு!"

"அப்படியென்றால் சரியான விளக்கம் சொல்லுங்கள், மூடிவிடுகிறேன். இந்த ஊரில் தண்ணீர் எப்படி வருகிறது?"

"ஆளுக்கு இவ்வளவு லிட்டர்னு அளவு இருக்கு. எல்லாத் தெருவுக்கும் சமம். அதான் விதி."

பொறி பழைய பதிவேட்டைப் புரட்டியது.

"வால்வு திறந்த இருபத்தாறு வருடப் பதிவேட்டையும் பார்த்துவிட்டேன். ஒரு நாள்கூட அப்படி வரவில்லை. பொய் விளக்கத்தை நான் ஏற்பதில்லை."

மதியத்துக்குள் தொட்டி காலி. குடத்தோடு ஊரே திரண்டு வந்து கத்தியது. வடமலையின் காலனிக்காரர்களும் அன்றுதான் வாயைத் திறந்தார்கள். மேடத்தைவிடச் சத்தம் அதிகம் என்று கணக்கிட்டு, பொறி எல்லா வால்வுகளையும் முழுசாகத் திறந்துவிட்டது.

முதல் முறையாக எல்லாத் தெருக் குழாய்களிலும் சமமாக வந்தது, காற்று.