நீலக் கூடையில் கறுப்புப் பூனை

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைங்க... உங்க கூடையிலேருந்து வர்ற மீன் நாத்தம் குடலைப் புடுங்குது!"

மழையில் நனைந்த கோபம் முழுவதையும் அவள் அந்த ஒரு வாக்கியத்தில் இறக்கி வைத்தாள். பூனை டாக்டரின் வராந்தா பெஞ்சில், அவள் கூடையை உரசிக்கொண்டு இன்னொரு கூடை. அதே நீலம், அதே கம்பிக் கதவு. வாசல் கடையில் அந்த ஒரு தினுசைத்தான் விற்கிறார்கள். உள்ளே அதே கரிக்கறுப்பில் இன்னொரு பூனை.

கூடைக்காரன் நிமிர்ந்தான். கழுத்தில் அளவு நாடா, சட்டையில் குத்திய ஊசி... தையல்காரன் என்று சொல்லாமலே தெரிந்தது. கண்கள்... சே, கண்களைப் பற்றி இப்போது எதற்கு? கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்களைச் சோதிப்பதுதானே அவள் பிழைப்பு! ஆனாலும் இந்தக் கண்களில் ஒரு சிரிப்பு, உதட்டுக்கு வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

"நாத்தம் இல்லீங்க, வாசனை. எங்க பட்டன் இருக்கானே, டின் மீனைத் தவிர வேற எதையும் மோந்துகூடப் பாக்க மாட்டான். உங்க ஆளு என்ன சாப்பிடுவாரு?"

"துரைக்கு ட்ரை ஃபுட் உருண்டை மட்டும்தான். சுத்தம். சத்தமில்லாம ஒரு கிண்ணம் போட்டா வேலை முடிஞ்சுது."

"ஐயோ பாவம்... காலம் பூரா கூழாங்கல்லா?"

அவள் பதில் சொல்வதற்குள் டாக்டரம்மா கூப்பிட்டுவிட்டார். உள்ளே போனால் அங்கேயும் இடி. "ட்ரை மட்டும் குடுத்தா உடம்புக்குத் தண்ணி பத்தாதும்மா. இவனுக்கு ஏற்கெனவே ஒரு தடவை மூத்திரம் அடைச்சிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா டின் உணவையும் கலந்து பழக்குங்க. பட்டினி மட்டும் போட்டுடாதீங்க, பூனைக்கு அது ஆபத்து." கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை, சிரிப்பு.

அடுத்து அவன் முறை. கதவு சாத்தியிருந்தாலும் டாக்டரம்மாவின் குரலுக்குக் கதவு ஏது? "டின்னைத் திறந்து காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் வெச்சா கெட்டுப் போயிடும். நீங்க கடையில இருக்கற நேரத்துக்கு ட்ரை வைங்க, பழகட்டும்." இப்போது அவள் இருமினாள். நன்றாகவே இருமினாள்.

மருந்து வாங்கும் மேசையில் இரண்டு கூடைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோதுதான் கரண்ட் போனது. இருட்டில் ஒரு நாய் ஊளையிட்டது, யாரோ யார் காலையோ மிதித்தார்கள். அவள் கைக்கு அகப்பட்ட கூடையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஏன் இவ்வளவு வேகமாக ஓடினோம் என்று பாதி வழியில்தான் யோசித்தாள். அந்தச் சிரிப்பு துரத்துகிற மாதிரி இருந்தது... காரணம் அவளுக்கே புரியவில்லை.

துரை அவள் பூனையே இல்லை, அண்ணனுடையது. வேலை விஷயமாக வெளியூர் போன அண்ணன், "உன்கிட்ட குடுத்த பொருள் எது முழுசா திரும்பி வந்திருக்கு? இது உசுரு, ஞாபகம் வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்தச் சொல் அவளுக்கு நெஞ்சில் முள். துரையோ வந்த நாளிலிருந்து பீரோவுக்கு மேலேயே வாசம். கிண்ணத்தில் தீனி கொட்டுகிற சத்தம் கேட்டால் இறங்கும், தின்றதும் ஏறிவிடும்.

அன்றைக்குக் கூடையைத் திறந்ததும் பீரோ மேல் ஏறியது இறங்கவே இல்லை. மறுநாளும் இல்லை. கிண்ணத்தைக் குலுக்கினாள், கொஞ்சினாள், மிரட்டினாள்... எட்டி நீட்டிய தீனியை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, சுண்ணாம்பைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பட்டினி ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னாரே... அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? வேறு வழியில்லாமல், வீம்பை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு டின் வாங்கக் கிளம்பினாள்.

கடையில் ஒரு டின்னை எடுத்துத் திரும்பினால்... அளவு நாடா! அவன் கையில் ட்ரை ஃபுட் பொட்டலம். அதைக் கை எட்டுகிற தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பொட்டலம் முதுகுக்குப் பின்னால் போனது. அவள் டின்னும்தான். தேள் கொட்டிய இரண்டு திருடர்கள்.

"கூழாங்கல்லு வாங்க வந்தீங்களாக்கும்?"

"இது... பக்கத்து வீட்டுக்கு. உங்க கையில என்னங்க, வாசனை அடிக்குது?"

"இதுவும்... பக்கத்து வீட்டுக்குத்தான்!"

அவன் சிரித்தே விட்டான். அவளுக்கு முகம் சூடேறியது. அதை மறைக்க, "முதல்ல கண்ணைச் சோதிச்சுக்குங்க. கையை இன்னும் நீட்டினா அடுத்த தெருவுக்குப் போயிடும். பஸ் ஸ்டாண்ட் எதிர்ல கண்ணாடிக் கடை, நான்தான் பாப்பேன்" என்று படபடத்துவிட்டு வெளியே வந்தாள். எதற்காக முகவரி சொன்னாள்? அதுவும் புரியவில்லை.

வீட்டில் டின்னைத் திறந்து, கரண்டியை விளிம்பில் தட்டினாள். டங்... அவ்வளவுதான்! பீரோ மேலிருந்து ஒரே தாவல். காலைச் சுற்றி, வாலை நிமிர்த்தி, ஜென்ம ஜென்மமாய் அந்தச் சத்தத்துக்கே காத்திருந்த மாதிரி மியாவ், மியாவ்!

அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். டின்னையே பார்த்தறியாத துரைக்கு இந்தச் சத்தம் எப்படித் தெரியும்? பூனையை உற்றுப் பார்த்தாள். தலை, காது, வால்... எல்லாமே கறுப்பு. ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவளுக்குச் சொந்த வீட்டுப் பூனை அடையாளம் தெரியவில்லை!

அந்த நேரம் பார்த்து அண்ணனின் வீடியோ கால். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"எங்கே என் துரை? காட்டு... அட என் தங்கமே! அதே முறைப்புடா! அத்தை உன்னை நல்லாப் பாத்துக்கறாளா?"

திறந்த வாய் மூடிக்கொண்டது. வளர்த்தவனே சொல்கிறான்... அப்படியானால் இது துரைதானா? இல்லை பட்டனா? அதற்குப் பிறகு மதில் மேல் இருந்தது பூனை அல்ல, அவள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யக் கை போகும். 'உங்க பூனையை உங்களுக்கே தெரியலையா?' என்று அந்தக் கண்கள் சிரிப்பது போலிருக்கும், கை திரும்பிவிடும். அது மட்டும்தானா காரணம்? பூனையைக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமே என்றும் ஒரு எண்ணம்... சீ, இது என்ன கிறுக்கு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொன்னபடி டின்னையும் ட்ரையையும் மெல்ல மெல்லக் கலந்து பழக்கினாள். பூனை தேறியது. அவள்தான் இளைத்தாள்.

நாளை அண்ணன் வருகிறான் என்றபோது பொறுக்க முடியவில்லை. வேலை முடிந்ததும் நேரே டாக்டரம்மாவிடம் போய்விடுவது என்று கூடையோடு கடைக்கு வந்தாள். மதியம் மழை பிடித்துக்கொண்டது. கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்து, கையில் நீலக் கூடையோடு அவன்.

"கண்ணு சோதிக்கணும்..."

தன் கூடையை வைத்திருந்த சோதனை அறையிலேயே அவனையும் உட்கார வைத்து விளக்கை அணைத்தாள். அவன் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டினாள். அதில் ஒரு கண்ணாடி வில்லையைப் போட்டாள், எடுத்தாள், வேறொன்றைப் போட்டாள். "இது தெளிவா... இது தெளிவா?"

"ரெண்டாவது... ஏங்க, என்கிட்ட இருக்கறது துரை."

வில்லை கை நழுவிக் கீழே விழுந்தது.

"அன்னிக்குத் தீனிக் கடையில பாத்தோமே, அதுக்கு மறுநாளே தெரியும். கோட்டுக்குப் பட்டன் தேட டப்பாவைக் குலுக்கினேன். வீட்டு மூலையில ஒளிஞ்சிருந்த பூனை ஓடி வந்து என் காலைச் சுத்துது. எங்க பட்டனுக்குப் பட்டன் டப்பான்னா வேப்பங்காய்! கிண்ணத்துல கூழாங்கல்லு விழற சத்தம் பழகின பூனை இதுன்னு புரிஞ்சுபோச்சு. நம்ப மாட்டீங்கன்னு டப்பாவையும் கொண்டாந்திருக்கேன்."

"தெரிஞ்ச அன்னிக்கே வர்றதுக்கென்ன?"

"குடுத்துட்டா... அப்புறம் உங்களைப் பாக்கறதுக்கு எனக்கு ஏதுங்க சாக்கு?"

மழைச் சத்தம் திடீரென்று காதுக்குள்ளேயே பெய்தது. கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று குனிந்து, தன் கூடையின் கதவையும் அவன் கூடையின் கதவையும் ஒருசேரத் திறந்தாள். இரண்டு நிழல்கள் வெளியே பாய்ந்து நாற்காலிக்கு அடியில் போயின. விளக்கைப் போட்டபோது, ஒரே கறுப்பில் இரண்டு பூனைகள் அருகருகே உட்கார்ந்து அவர்களை ஏற இறங்கப் பார்த்தன.

"ஐயையோ... எது எது?"

"பதறாதீங்க, டப்பா எதுக்கு இருக்கு?" அவன் பட்டன் டப்பாவைக் குலுக்கினான். இரண்டும் ஓடி வந்தன!

அவள் அவசரமாகப் பையிலிருந்த டின்னைத் திறந்து, சாப்பாட்டுக் கரண்டியால் தட்டினாள். டங். இரண்டும் அவளிடம் ஓடி வந்தன!

"நீங்களும் கலந்து குடுத்தீங்களா?"

"டாக்டரம்மா சொன்னாங்களே... நீங்களுமா?"

"துரை!" என்றாள். இரண்டும் காதைச் சொறிந்தன. "பட்டன்!" என்றான். அதற்கும் சொறிந்தன. அவள் சிரிக்க ஆரம்பித்தவள்தான், நிறுத்த முடியவில்லை. சிரிப்பிலேயே அழுகை வந்தது. "நாளைக்கு அண்ணன் வர்றான்... இதுல எதைத் தூக்கிக் குடுப்பேன்? கடைசியில அவன் சொன்னதுதான் சரி. ஒரு பூனையைக்கூட என்னால பத்திரமாத் திருப்பிக் குடுக்க முடியல."

"யாரு சொன்னது? ஒண்ணு குடுத்தாரு, ரெண்டாக்கி வெச்சிருக்கீங்க. ரெண்டும் கொழுகொழுன்னு இருக்கு." அவன் எழுந்து நின்றான். மூக்கில் அந்தச் சோதனைச் சட்டம் இன்னும் கோணலாகத் தொங்கியது. "எது எதுன்னு தெரியற வரைக்கும் ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கட்டுங்க."

"எந்த வீட்டுல?"

"அதைத்தான்... உங்க அண்ணன்கிட்டயே கேக்கலாம்னு..."

"அண்ணன்கிட்ட அப்புறம் கேளுங்க. முதல்ல என்கிட்ட கேளுங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சட்டத்தைக் கழற்றவில்லை. ஓரடி பின்னால் நகர்ந்து, அவள் நன்றாகத் தெரிகிற தூரத்தில் நின்றுகொண்டான்.

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நாத்தம்னு திட்டினீங்களே, அந்த நிமிஷத்துலேருந்து. என்னைக் கட்டிக்கறீங்களா?"

கீழே இரண்டு பூனைகளும் ஒரே டின்னில் தலையை நுழைத்து, யார் பங்கு யாருடையது என்ற வழக்கே இல்லாமல் நக்கிக்கொண்டிருந்தன.

"தெளிவா இருக்கா... கலங்கலா இருக்கா? சொல்லுங்களேன்" என்றான் அவன் மெதுவாக.

அவள் நிறைந்த கண்களை நிமிர்த்தினாள்.

"கலங்கலாத்தான் இருக்கு... ஆனா நீங்க மட்டும் தெரியறீங்க."