மூலக்கோப்பு இல்லாத பக்கம்

வெட்டி எறிந்த பக்கம் திரும்ப வந்திருந்தது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிஃப்டை இயக்கும் மென்பொருளுக்கு ஆவணம் எழுதுவது அவள் வேலை. எல்லாவற்றையும் மார்க்டவுனில், சாதாரண எழுத்தும் சில குறிகளுமாக, தனித்தனிக் கோப்புகளில் எழுதிவைப்பாள். ஒரு கட்டளை கொடுத்தால் பில்ட், அதாவது பக்கங்களை உருவாக்கும் நிரல், ஓடும். ஒவ்வொரு கோப்பும் ஓர் எச்டிஎம்எல் பக்கமாக மாறும். லிஃப்ட் பழுதுபார்ப்பவர்கள் அதைப் போனிலேயே திறந்து படித்துக்கொள்வார்கள். கோப்பு இருந்தால் பக்கம் உண்டு, இல்லையென்றால் இல்லை. விதைக்காமல் எதுவும் முளைக்காது. ஆனால் திரையின் ஓரப் பட்டியலில், 'நிறுவுதல்' என்பதற்கும் 'பராமரிப்பு' என்பதற்கும் நடுவில், 'எச்சரிக்கை' என்றொரு தலைப்பு சிவப்பாக நின்றது. கோப்புறைக்குள் போய்த் தேடினாள். அப்படி ஒரு கோப்பே அங்கில்லை.

பழைய பில்டின் மிச்சமாக இருக்கும் என்று, உருவான பக்கங்களை மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மறுபடியும் வந்தது.

பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அது காலையிலிருந்தே உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. விடுமுறை நாளில் வரச்சொல்லியிருந்தார்கள். காய்ச்சலில் கிடந்த மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். "உன் ஆபீஸ்ல வேற ஆளே கிடையாதாடி?" என்று அக்கா கேட்கக் கேட்கவே படியிறங்கியிருந்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்து, சாயங்காலத்துக்கு முன்பே தளம் முழுவதும் மங்கிக் கிடந்தது. ஆனால் அவள் கோபத்துக்கு அதெல்லாம் விறகு. நெருப்பு வேறு.

அந்தப் பக்கத்தை எழுதியவள் அவளேதான். எழுதச் சொன்னவர் மெக்கானிக் அண்ணன். புதுப்பதிப்பு எது வந்தாலும் நிஜ லிஃப்டில் போட்டுச் சோதிப்பவர் அவர்.

"பராமரிப்பு நிலைல ரீசெட் பண்ணினா, லிஃப்ட் பெட்டி வராமலே கதவு திறந்துக்குது தங்கச்சி. பச்சை லைட்டு வேற எரியுது. நம்பிக் கால வச்சா நேரா பாதாளம்தான். பெருசா எழுதும்மா, எங்காளுங்க தலைப்பைத் தாண்டிப் படிக்க மாட்டாங்க" என்று சிரித்தார்.

பெரிதாகத்தான் எழுதினாள். மேலாளர் அதைத் தன் கையாலேயே நீக்கினார். அவருக்கு அலுவலகத்தில் கத்தரி என்று பெயர். அவரிடம் ஐந்து நாள் லீவு கேட்டால் இரண்டு நாள் கிடைக்கும், கேட்டவர் வேலை மிஞ்சினால் அதிர்ஷ்டம் என்பார்கள். "பிழையை அப்புறம் திருத்திக்கலாம். அதுக்குள்ள ஊரெல்லாம் தமுக்கடிக்கணுமா?" என்றார். பிழையை யாரும் திருத்தவில்லை.

போன மாதம் மெக்கானிக் அண்ணன் ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்துப்போனார். கூட இருந்தவர் சாவு வீட்டில் அவளிடம் சொன்னார்: "போன்ல தேடிப் பாத்தாரும்மா. எச்சரிக்கையக் காணோம், அப்ப சரி பண்ணிட்டாங்கன்னு சொல்லிக்கிட்டே உள்ள காலை வச்சாரு."

கவனக்குறைவு என்று நிறுவனம் எழுதிக்கொண்டது. பக்கத்தைத் திரும்பப் போடுங்கள் என்று அவள் வாரம் முழுக்கச் சண்டை போட்டாள். அது இல்லாமல்தான் புதுப்பதிப்பு போகும் என்றார் கத்தரி. நீ போடாவிட்டால் வேறொருத்தி போடுவாள் என்றார்.

இப்போது யாரோ விளையாடுகிறார்கள். செத்த மனிதரை வைத்து விளையாடுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

அவள் எழுதிய வாசகம் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி புதிது.

*பெருசா எழுதச் சொன்னேனே தங்கச்சி.*

வெளியே மழை ஜன்னலை விடாமல் அறைந்தது. யாருமில்லாத மேசைகளுக்கு அப்பால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நடைபாதையின் கோடியிலிருந்த லிஃப்ட் குழிக்குள் இரும்புக் கயிறுகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் சத்தம் மெல்ல ஏறி, தளத்துக்கு நேராக வந்து, நின்று, மறுபடி இறங்கிப் போயிற்று. ஏசி காற்றில் எதுவோ கலந்து வந்தது. கிரீஸ். ஈர இரும்புத் தூள். அதற்கும் அடியில், நாள்பட மூடிக்கிடந்த இடத்தின் புளித்த வாடை. புறங்கையால் மூக்கை மூடிக்கொண்டாள். பில்டை நிறுத்தினாள். இணையக் கம்பியைப் பிடுங்கினாள்.

பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. எழுத்து இன்னும் பெரிதாகியிருந்தது.

"யாரு?" என்றாள். "தைரியம் இருந்தா முன்னாடி வந்து பேசு."

லிஃப்ட் கதவு திறக்கும் ஓசை கேட்டது. கத்தரி வந்தார். குடையை அவள் மேசைமேலேயே வைத்தார். தண்ணீர் விசைப்பலகை வரை ஓடியது.

"இன்னுமா முடியல? கீழ வண்டியில உக்காந்து உக்காந்து அலுத்துப்போச்சு."

அவள் திரையைக் காட்டினாள். அவர் முகம் சுண்டியது.

"ஓஹோ. அழுதுபாத்து நடக்கல, இப்ப இதுவா?"

"நான் செய்யல சார். கோப்பே இல்ல, நீங்களே பாருங்க."

"செத்தவன் வந்து டைப் அடிச்சானா? தள்ளு."

நாற்காலியோடு அவளை ஒதுக்கிவிட்டுக் குனிந்தார். எல்லாவற்றையும் அழித்தார். பில்டை ஓட்டினார். பக்கங்கள் வரிசையாக வந்தன. நிறுவுதல் இல்லை, பராமரிப்பு இல்லை. எல்லாத் தலைப்பும் எச்சரிக்கை. ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடினார். மேசையை ஓங்கிக் குத்தினார்.

"நாளையிலேருந்து நீ வீட்ல இருந்துக்கோ. நான் கீழ போய் சர்வரையே துடைச்சிட்டு வரேன். பொணத்த வச்சுப் பொழப்பு நடத்துறியா?"

கடைசிச் சொல்லில் அவளுக்குக் கண் இருண்டது. அவர் போனைப் பார்த்துக்கொண்டே நடைபாதையில் இறங்கி நடந்தார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைந்து போ என்று நினைத்தாள். முழு மனசோடு நினைத்தாள்.

திரை ஒருமுறை மின்னியது.

*பொத்தானை அழுத்தவும்.*

நடைபாதையின் கோடியில் அவர் பொத்தானை அழுத்தினார்.

*பச்சை விளக்கு எரியும்.*

எரிந்தது.

*கதவு திறக்கும்.*

திறந்தது. அவர் தோளுக்கு அப்பால் பெட்டி இல்லை. பின்சுவர் இல்லை, விளக்கு இல்லை. கறுப்பு. அந்தக் கறுப்பில் ஈரமாகத் தொங்கும் கயிறுகள். அவர் தலை நிமிரவில்லை. போன் வெளிச்சம் அவர் முகத்தில்.

அவள் எழுந்துவிட்டாள். வாயும் திறந்துவிட்டது. கண் மட்டும் திரையை விட்டு வரவில்லை.

*சொல்லணுமா தங்கச்சி?*

ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு அவள் கோபத்துக்குப் போனது.

"சார்!"

திரும்பினார். அதற்குள் அவரது இரண்டு கால்களும் உள்ளே இருந்தன.

அவர் விழவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தார். குனிந்து காலடியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். யாரோ பொத்தானை அழுத்தி இறக்குவதுபோல மெல்ல இறங்கத் தொடங்கினார். முழங்கால். இடுப்பு. மார்பு. தளத்தின் விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். வாய் அகலத் திறந்தது. சத்தம் வரவில்லை.

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. முழங்கை வரை கிரீஸ். அவசரமே இல்லாத கை. மரை கழற்றுவதுபோல, விளிம்பைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது. எடுத்த ஒவ்வொரு விரலையும் பக்குவமாக மடக்கி வைத்தது.

கடைசி விரலை எடுக்கவில்லை.

அந்த ஒரு விரலில், கண்ணை இமைக்காமல், அவர் அவளைப் பார்த்துக்கொண்டு தொங்கினார். கை பக்கத்திலேயே, விளிம்பின்மேல், உள்ளங்கை மேலே பார்க்க, அவள் சொல்லுக்காகக் காத்திருந்தது.