இரண்டு டார்ச், மூன்று நிழல்

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு உரைகல்லும் அவருடைய மாப்பிள்ளையும் பழைய குளிர்கிடங்கின் கேட்டுக்குள் நுழைந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. சுமைக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போயிருந்தார்கள். கேட்டில் காவலுக்கு ஒரே ஒரு ஆள்.

உரைகல் என்பது சுமைக்காரர்கள் வைத்த பெயர். அவர் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர். எந்தச் சாமான் வந்தாலும் உரசிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, கீழே போட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். படிப்பு நாலாம் வகுப்பு. ஆனால் அட்டைப்பெட்டியில் அச்சடித்ததை அப்படியே நம்புகிறவனைக் கண்டால் அவருக்குப் பாவமாக இருக்கும். மகளுக்கு இந்த மாப்பிள்ளையைப் பேசி முடிப்பதற்கு முன்னால் பையன் வேலை பார்த்த மூன்று கடைகளுக்கும் போய் விசாரித்தவர். மூன்று இடத்திலும் நல்ல பையன் என்றார்கள். மூன்று பேருமா பொய் சொல்வார்கள் என்று அப்போது கல்யாணத்தை முடித்தாரே தவிர, சந்தேகம் இன்னும் தீரவில்லை.

மாப்பிள்ளை மின்சாதனங்களைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டுகிறவர். கரண்டு போனால் கிடங்கு அறைகள் இருண்டுவிடுகின்றன, சுமைக்காரர்களுக்கு ஆளுக்கொரு சின்ன டார்ச் வாங்கித் தரலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். மாப்பிள்ளை மூன்று மாதிரி கொண்டுவந்திருந்தார். மூன்றும் சட்டைப் பையில் அடங்குகிறவை, போன் ஒயரிலேயே சார்ஜ் ஏறுகிறவை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று தட்டை.

"பெட்டியிலேயே போட்டிருக்கு மாமா, எது எவ்வளவு வெளிச்சம்னு. தட்டைதான் ஜாஸ்தி."

"அச்சடிக்கிறவன் கையை யாரு புடிச்சா மாப்ள? ஒரு சைபரைச் சேர்த்துப் போட்டா உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"நான் உங்ககிட்ட பொய் சொல்வேனா?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. உங்ககிட்ட சொன்னவன் சொல்லியிருப்பான்."

கேட்காரரிடம் உரைகல் கறாராகச் சொன்னார். "நாங்க வெளிய வர்ற வரைக்கும் ஒரு ஈ காக்கா அந்தப் பக்கம் வரக் கூடாது. முதலாளியே வந்தாலும் சரி."

கேட்காரருக்குக் காது மந்தம். தலையை ஆட்டினார்.

நாலாம் நம்பர் அறையில் குளிர் எந்திரத்தை நிறுத்திப் பல வருடமாகிவிட்டது. ஜன்னல் கிடையாது. சுவர் ஒரு முழம் கனம். கதவு அதில் பாதி. உள்ளே நின்று கத்தினால் நடையில் இருப்பவனுக்குக் கேட்காது. வெளிச்சத்தைச் சோதிக்க அதைவிட நல்ல இருட்டு அந்தக் கட்டிடத்தில் இல்லை.

ஆனாலும் அவருக்கு அதில் ஒரு குறை. கதவின் உட்பக்கத்தில் ஒரு பச்சைக் குமிழ் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவன் அதைத் தள்ளினால் வெளித்தாழ்ப்பாள் விலகும். இருட்டில் தெரிய வேண்டுமென்று தானாக மினுங்கும் சாயம் பூசியிருந்தார்கள். அந்த மினுக்கல் சோதனையைக் கெடுக்குமென்று உரைகல் முந்தின நாளே குமிழைத் திருகி, அதன் கம்பியோடு உருவி, ஓட்டையில் துணியை அடைத்திருந்தார். குமிழ் வெளியே நடையில் ஒரு நாற்காலி மேல் கிடந்தது. இரண்டு பேரின் போனையும் அதே நாற்காலியில் வைக்கச் சொன்னார். உள்ளே போன் மினுங்கினாலும் கணக்குத் தப்பும்.

கதவு முழுக்கச் சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு சாக்கை மடித்து நிலையில் சொருகினார்.

சோதனை அவருடைய சொந்தச் சோதனை. சுவரில் வெள்ளைத் தாள். அதற்கு ஒரு கை தூரம் முன்னால் ஸ்டூல் மேல் மண் டப்பாவில் நட்ட ஒரு குச்சி. ஆறடி பின்னால் பெஞ்சில், ஒரு முழ இடைவெளியில், இரண்டு டார்ச்.

"ரெண்டு விளக்கு, ரெண்டு நிழல். எந்த நிழல் அதிகக் கறுப்போ அதோட விளக்குதான் கெட்டி. விளக்கைப் பாத்தா கண்ணு கூசும், ஏமாந்துருவோம். நிழல் ஏமாத்தாது."

"எந்த நிழல் எதோடதுன்னு எப்படித் தெரியும்?"

"இடது டார்ச்சோட நிழல் வலது பக்கம் விழும். ஏஜெண்டாம் ஏஜெண்டு!"

குட்டையையும் நெட்டையையும் ஏற்றினார்கள். தாளில் இரண்டு நிழல்கள் சாம்பல் நிறத்தில் விழுந்தன. உரைகல் கண்ணைச் சுருக்கினார். கதவிடுக்கில் சாக்கோரமாக ஒரு கோடு வெளிச்சம் கசிந்தது.

"இந்தக் கீத்து வெளிச்சத்துல என்னத்தைக் கண்டேன்!" என்று எரிந்து விழுந்தார்.

மாமனார் ஒரு குறையும் சொல்லிவிடக் கூடாது என்று மாப்பிள்ளை எழுந்துபோய்ச் சாக்கை உருவினார்.

கதவு தன் கனத்திலேயே நகர்ந்து சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. 'ளக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

மாப்பிள்ளை கதவின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"மாமா, உள்ளேயிருந்து தொறக்க அந்தக் குமிழ்..."

"வெளிய இருக்கு."

"வெளியன்னா?"

"உங்க போனுக்குப் பக்கத்துல."

மாப்பிள்ளை கதவில் தோளால் மோதினார். பாறையில் மோதின மாதிரி இருந்தது. உரைகல் ஓட்டைத் துணியைப் பிடுங்கி ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். விரல் கன ஓட்டை. அந்தப் பக்கம் நடை, எதிர்ச்சுவர், நாற்காலி, குமிழ் எல்லாம் தெரிந்தன. தாழ்ப்பாளைத் தள்ளக் குச்சியைப் பிடுங்கி நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. வாயை வைத்துக் கூப்பிட்டார். கூப்பாடு நடையைத் தாண்டவில்லை. கேட் முற்றத்துக்கு அந்தப் பக்கம். கேட்காரருக்கோ காது மந்தம். தானே அவரை இந்தப் பக்கம் வராதே என்று வேறு சொல்லியிருக்கிறார்.

"யாராவது வருவாங்களா மாமா?"

"நாலு மணிக்கு நடையோட ஷட்டரை இறக்க அவன் வருவான். அந்தக் கோடியிலேயே நின்னு இறக்கிட்டுப் போயிடுவான். அதை விட்டா திங்கக்கிழமை."

"திங்களா! உங்க மகளுக்கு நான் இங்க வந்ததே தெரியாதே."

"சத்தம் போடாதீங்க. மூச்சு செலவாகும்."

சும்மா உட்கார்ந்தால் பயம் கூடும். உரைகல் குச்சியை மறுபடியும் டப்பாவில் நட்டார். நெட்டையை எடுத்துவிட்டுத் தட்டையை வைத்தார். "வந்த வேலையைப் பாப்போம்" என்றார்.

தாளில் மூன்று நிழல் விழுந்தது.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். இடதில் ஒன்று, வலதில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று.

"நெட்டையை அணைக்கலையா?"

"அணைச்சாச்சு மாமா. கையிலதான் இருக்கு."

நடுவில் விழுந்த நிழல்தான் மற்ற இரண்டைவிடக் கறுப்பு.

உரைகல்லுக்குத் தன் சோதனை மேல் சந்தேகமே வந்ததில்லை. நிழல் இருந்தால் விளக்கு இருக்க வேண்டும். அதிகக் கறுப்பு என்றால், பெஞ்சில் இருக்கிற இரண்டையும்விடக் கெட்டியான விளக்கு ஒன்று அவர்களுக்குப் பின்னால் எரிகிறது.

அவர் திரும்பினார். பின்னால் இருட்டு. தட்டையை எடுத்து மூலை மூலையாக அடித்தார். ஈரம் பூத்த தகரச் சுவர், கூரையில் துருப்பிடித்த கொக்கிகள், வெறும் தரை. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மட்கிய சாக்கின் வாடை மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

தட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தார். மூன்று நிழல்.

"ஏதாவது பட்டுத் திரும்புற வெளிச்சமா இருக்கும் மாமா. தகரத்துல பட்டு..."

"வாயை மூடு."

கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையை 'நீ' என்று பேசியதில்லை. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

நடு நிழலின் தலை, குச்சியின் உயரத்தைவிட ஒரு சாண் மேலே ஏறி விழுந்திருந்தது. அப்படியென்றால் விளக்கு தாழ்வில் இருக்கிறது. பின்சுவரோரம் தரையில் யாரோ உட்கார்ந்து, மடியில் விளக்கை வைத்திருக்கிற தாழ்வு.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நிழல் மெல்லக் கீழே இறங்கியது.

உட்கார்ந்திருந்தது எழுந்துவிட்டது.

"மாப்ள, இங்க வா. என் பக்கத்துல வா" என்று கிசுகிசுத்தார்.

குட்டை மங்கத் தொடங்கியது. வாரம் முழுக்கக் கடை கடையாகக் காட்டிய டார்ச்சுகள். சின்ன டார்ச்சுக்கு வயிறும் சின்னதுதானே. பெட்டியில் போட்டிருந்த ஐந்து மணி நேரத்தைப் பெட்டிதான் நம்ப வேண்டும். குட்டை செத்த பிறகு நெட்டையை ஏற்றினார்கள். அதுவும் அரைமணி தாண்டவில்லை. கடைசியில் தட்டை மட்டும் எரிந்தது. ஒரே விளக்கு. தாளில் இரண்டு நிழல்.

நடுவிலிருந்த நிழல் இப்போது தடித்துக்கொண்டு வந்தது. விரல் தடிமன் இருந்தது கட்டை தடிமன் ஆயிற்று. விளக்கு குச்சியை நெருங்க நெருங்க நிழல் ஊதும். இது அவருக்குத் தெரியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காலடிச் சத்தம் இல்லை.

மட்கின சாக்கு வாடை நெருங்கியிருந்தது.

பிறகு தாளின் மேல் ஒரு தலை நிழல் விழுந்தது. காது, கழுத்து, தோள். அவருடைய தலைதான். தட்டை அவருக்கு முன்னால், பெஞ்சில் இருக்கிறது. அவர் தலை தாளில் விழவேண்டுமானால் விளக்கு அவருடைய பிடரிக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

"மாமா, யாரு இது?" மாப்பிள்ளை கிசுகிசுத்தார்.

தட்டை இரண்டு தடவை துடித்து அணைந்தது. மாப்பிள்ளை அதை எடுத்து அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, மற்ற இரண்டோடு சட்டைப் பையில் திணித்தார்.

இருட்டு கண்ணில் துணி கட்டின மாதிரி இறங்கியது. கதவோட்டையில் மட்டும் காசு அளவு பகல். அது எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் இருந்தது போலிருந்தது.

உரைகல் அந்த இருட்டில் பேசினார். மாப்பிள்ளையிடம் பேசவில்லை.

"பத்தொம்பது வருசம் ஆச்சு. அன்னைக்கும் சனிக்கிழமை. மத்தியானம் கதவைச் சாத்துறப்ப உள்ள போனவங்க, வெளிய வந்தவங்க தலையை எண்ணிக் கையெழுத்துப் போடணும். அது என் வேலை. குமாஸ்தா சொன்னான், ஒரு ஆளு குறையுதுன்னு. அந்த வாய் பேசாத பையன் வரலைன்னு. நீ சொல்றதை நான் எதுக்கு நம்பணும், நானே எண்ணிட்டேன்னு சொன்னேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எண்ணலடா தம்பி. நான் எண்ணவே இல்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பக்கத்தில் மாப்பிள்ளை விசும்புவது கேட்டது.

"திங்கக்கிழமை தொறந்தோம். கையில டார்ச்சைப் புடிச்சபடி பின்சுவர் ஓரமா உக்காந்திருந்தான். கத்த வாயில்ல. கதவுல வெளிச்சத்தை அடிச்சு அடிச்சுப் பாத்திருப்பான். அப்ப அதுல ஓட்டை ஏது? அவன் போன பிறகுதானே ஓட்டை போட்டு அந்தக் குமிழை வச்சாங்க."

பிடரியில் பட்டுக்கொண்டிருந்த குளிர் விலகியது. என்னமோ அவரைக் கடந்து கதவுப் பக்கம் போனது. காசு அளவு பகல் ஒரு விநாடி மறைந்தது. யாரோ குனிந்து ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. கேட்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு நடைக்கு ஓடி, எதிர்ச்சுவரில் கையை ஊன்றி வாந்தி எடுத்தார். உரைகல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னங்க இது, வெளையாட்டா?" கேட்காரர் காது கேளாதவர்களுக்கு உரிய பெரிய குரலில் பேசினார். "ஷட்டரை இறக்கிட்டுப் போயிருப்பேன். நல்லவேளை, லைட்டு அடிச்சீங்க. ஓட்டை வழியா வந்து இந்தச் சுவத்துல விழுந்துச்சு பாருங்க, பட்டப்பகல்லயே கண்ணு கூசுச்சு! மேல கீழ ஆட்டிக்கிட்டே இருந்தீங்களே, நான் வந்து சேர்ற வரைக்கும்."

மாப்பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"மூணுல எது அது? அதையே வாங்கிருங்க. மத்ததைத் தூக்கிக் குப்பையில போடுங்க."

மாப்பிள்ளை மெதுவாகத் தன் சட்டைப் பையிலிருந்து மூன்றையும் எடுத்து ஒவ்வொன்றாக அழுத்தினார். மூன்றும் செத்துக் கிடந்தன.

"வீட்டுக்குப் போலாம் மாமா" என்றார். "யாருக்கும் எதுவும் சொல்ல வேணாம். போலாம்."

கேட்காரர் பழக்க தோஷத்தில் கதவை இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

எதிர்ச்சுவரில் காசு அளவில் ஒரு வெளிச்ச வட்டம் எழுந்தது. மேலே போனது. கீழே வந்தது.

உரைகல் பாய்ந்து கதவைத் திறந்தார். உள்ளே நடை வெளிச்சம் விழுந்தது. பெஞ்ச், ஸ்டூல், தாள். வேறு ஒன்றுமில்லை. "வெளிய வாடா" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். மறுபடியும் கூப்பிட்டார். பிறகு கதவு தன் கனத்திலேயே நகர்ந்து சாத்திக்கொண்டது. அவர் தடுக்கவில்லை.

வட்டம் இப்போது சுவரில் இல்லை.

அவருடைய சட்டையில், நெஞ்சுக்கு நேராக இருந்தது.

அவர் இடது பக்கம் ஓரடி நகர்ந்தார். அதுவும் நகர்ந்தது. கதவோட்டைக்கு நேர்க்கோட்டில் இல்லாத இடமாகப் பார்த்து, நடையின் மூலை திரும்பி, முற்றத்து வெயிலில் போய் நின்றார். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடி வந்தவர் அவர் சட்டையைப் பார்த்துவிட்டு, பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

உரைகல் உள்ளங்கையால் அதை மூடிப் பார்த்தார்.

வெளிச்சம் புறங்கையின் மேல் வந்து உட்கார்ந்தது. அவ்வளவு வெயிலிலும் அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது.