ஒன்பது மணிப் புயல்

சனிக்கிழமை காலை 9.20. ஒன்பது மணிக்கே வந்திருக்க வேண்டிய புயற்காற்றைக் காணவில்லை.

கடற்கரையில் நின்று இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தார். மேகம் என்று சொல்ல ஒரு துணுக்குகூட இல்லை. கடல் பரம சாதுவாகக் கிடந்தது. கோடை விடுமுறையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு. மணலில் கால் வைக்க இடம் இருக்கக்கூடாது. இருந்தும் ஈ காக்கை இல்லை. அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருவரும் ஊதி வைத்த நீச்சல் வளையத்தைக் கூடத்தில் போட்டுவிட்டு, இன்ஸ்பெக்டர் அம்மாதான் புயலை வரவழைத்தவள் போல மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

கரையில் இரண்டு உயர நாற்காலிகள். ஒன்று கவிழ்ந்து கிடந்தது. மற்றதில் உயிர்காப்பாளர் உட்கார்ந்திருந்தார். 'காவல் நேரம்: காலை 9 முதல் மாலை 6 வரை' என்றது கீழே இருந்த பலகை. கூட்டாளி வியாழக்கிழமை வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதாகவும், மாற்று ஆள் வரவில்லை என்றும் அவர் சொன்னார்.

"அப்போ மூணு நாளும் நீங்க ஒருத்தர்தானா?"

"ஆமா மேடம். நல்லவேளை, யாரும் வரல."

விசிலில் கட்டியிருந்த சிவப்பு மஞ்சள் பின்னல் கயிற்றை விரலில் சுற்றியபடி அவர் சிரித்தார். அந்த ஊரிலேயே அன்று நிம்மதியாக இருந்த ஒரே முகம் அதுதான்.

9.50. மண்டல வானிலை அலுவலகம். கடற்கரை விடுதிக்காரர்கள் சங்கம் கொடுத்த புகார் இன்ஸ்பெக்டரின் கையில் இருந்தது. நேற்று மாலை வெளியான அறிக்கையில் நான்கு பகுதிகளுக்குத் தெளிந்த வானம். கரையோரத்துக்கு மட்டும் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் காலை 9 முதல் மாலை 6 வரை பலத்த காற்று, ஆளுயர அலை.

அதைத் தான் எழுதவே இல்லை என்றார் வானிலைக் கணிப்பாளர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் குடை. தெளிந்த வானம் என்று எழுதிவிட்டு, மறுநாள் குடையோடு வருகிற மனிதர். தன் அறிக்கையை வானொலியில் கேட்கிற பழக்கமும் அவருக்கு இல்லாததால், காலைச் செய்தித்தாளைப் பார்த்துத்தான் ஆடிப்போயிருந்தார். ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம். பன்னிரண்டு மணிக்குள் விளக்கம் வராவிட்டால் சஸ்பெண்ட் என்று இயக்குநர் போனில் சொல்லிவிட்டார்.

கணிப்பாளரின் கம்ப்யூட்டரிலிருந்து, அவருடைய கடவுச்சொல்லோடு, மாலை 3.40-க்கு அந்த அறிக்கை போயிருந்தது. கடவுச்சொல் விசைப்பலகைக்கு அடியில் ஒட்டிய காகிதத்தில் இருந்தது. ரகசியம் என்று பேர்தான். அப்போது பணியில் இருந்தவர்கள் மூன்றே பேர்: கணிப்பாளர், ஆப்பரேட்டர் பெண், டிரைவர். டிரைவரின் மைத்துனருக்கு மலை மேல் விடுதி. கடற்கரைக் கூட்டம் முழுவதும் இன்று அங்கேதான். ஆனால் வாசல் பதிவேட்டின்படி வண்டி 3.15-க்கு வெளியே போய் 4.30-க்குத் திரும்பியிருந்தது.

"மூணு நாற்பதுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"மொட்டை மாடியில. வானம் பாத்துட்டு இருந்தேன்," என்றார் கணிப்பாளர்.

"உங்கள யார் பாத்தா?"

"வானம்தான்."

"மாடியில எந்த இடம்?"

அவர் குடைப்பிடியைத் திருகினார். இன்ஸ்பெக்டருக்கு அது பிடிக்கவில்லை.

10.40. மாடியில் மேடைமேல் ஒரு கண்ணாடிக் குண்டு வெயிலில் மின்னியது. வெயில்மானி என்றார் ஆப்பரேட்டர். குண்டு வழியாகக் குவிகிற வெயில், பின்னால் இருக்கும் மணிக்கோடு போட்ட அட்டையைக் கரித்துக்கொண்டே போகும். மேகம் மறைத்தால் கரிக்கோடு அறும். நேற்றைய அட்டையைக் கேட்டதும் அவர் சாவிக்கொத்தை எடுத்து அலமாரியைத் திறந்தார். கூடவே வானிலைப் பதிவேட்டையும் வாங்கிப் பார்த்தார் இன்ஸ்பெக்டர்: நாள் முழுக்க மேகமே இல்லை.

11.30. மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார்.

"சார், புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு நீங்க சொல்ற முதல் பாடம் என்ன?"

"வெயில்மானிய மறைக்காதே."

இன்ஸ்பெக்டர் அட்டையை மேசையில் வைத்தார். கரிக்கோடு நாள் முழுக்க ஓடி, 3.30-லிருந்து 3.50 வரை மட்டும் அறுந்திருந்தது. மேகம் இல்லாத வானத்தில் இருபது நிமிட நிழல்.

கணிப்பாளரின் காது சிவந்தது. "முழங்கால் வலி. அந்த மேடையில சாஞ்சு உக்காந்துட்டேன்."

முப்பது வருடம் எதற்காக ஊரையெல்லாம் திட்டினாரோ அதைத் தானே செய்ததை ஒப்புக்கொள்வதைவிட, வேலையே போகட்டும் என்று இருந்திருக்கிறார் மனிதர். அவரைக் காப்பாற்றியது அவருடைய நிழல்தான்.

"காத்துக்கு டூட்டி நேரம் உண்டா சார்?"

"கிடையாது."

"இந்தக் காத்துக்கு உண்டு. ஒன்பதுக்கு வந்து ஆறுக்குப் போகுது. கரையில இருக்கிற பலகையிலயும் அதே நேரம்தான்." இன்ஸ்பெக்டர் மேசைமேல் கிடந்த ஆப்பரேட்டரின் சாவிக்கொத்தைத் தொட்டார். சாவிகளைக் கோத்திருந்தது சிவப்பு மஞ்சள் பின்னல் கயிறு. "இதே கயிற்றைக் காலையில ஒரு விசில்ல பாத்தேன். அந்த உயிர்காப்பாளர் உனக்கு யாரும்மா?"

ஆப்பரேட்டர் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தம்பி. நகராட்சிக்கு நாலு கடிதம் எழுதினேன் மேடம், இன்னும் ஆள் வேணும்னு. போன வருஷம் ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் கூப்பிட்டாங்க. அவனால ஒரு பக்கம்தான் போக முடிஞ்சுது. அதுக்கப்புறம் அவன் சரியாவே தூங்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டு கணிப்பாளரிடம் திரும்பினார். "உங்க மேல பழி வரும்னு நினைக்கல சார். வழக்கம்போல கணிப்பு தப்பிடுச்சுன்னு விட்டுடுவாங்கன்னு இருந்துட்டேன்."

அந்த 'வழக்கம்போல' அவரைச் சுட்டிருக்க வேண்டும். இருந்தும் அவர் குரலை உயர்த்தவில்லை.

"என்னைக்காவது நெசமாவே புயல் வரும்மா. நான் சொல்வேன். அன்னைக்கு யாரு நம்புவா?"

இன்ஸ்பெக்டருக்கு மனம் கனத்தது. அறிக்கையில் உன் பெயரை எழுதாமல் இருக்க முடியாது, ஆனால் அந்த நாலு கடிதங்களையும் சேர்த்தே இணைப்பேன் என்று ஆப்பரேட்டரிடம் சொன்னார்.

11.48. கணிப்பாளர் திருத்திய அறிக்கையைத் தட்டினார். ஐந்து பகுதிகளுக்கும் தெளிந்த வானம், அமைதியான கடல். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு வரி சேர்த்தார்: 'கரையில் உயிர்காப்பாளர் ஒருவர் மட்டுமே.'

"அது வானிலை இல்லையே சார்," என்றார் ஆப்பரேட்டர் மெல்ல.

"உண்மைதானே."

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, நீச்சல் தெரிந்த கான்ஸ்டபிள்கள் இருவரைக் கரைக்கு அனுப்பச் சொன்னார். அடுத்த போன் வீட்டுக்கு. வளையத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், அம்மாவுக்கு மூன்று நாளும் அங்கேதான் வேலை. பிறகு குனிந்து, அந்தக் கடைசி வரியை அழித்துவிட்டு, 'கரையில் காவலுக்கு நால்வர்' என்று தட்டினார்.